வியாழக்கிழமைத் தேடல்

இது நடந்தது. எங்கே, எப்போது, யாருக்கு என்று ஊரும் பேரும் சொல்லக்கூடியபடி நடந்தது. ஊர்காவற்றுறையில், எண்பத்தொன்பதாம் ஆண்டில், மேரிஜோசப்பினுக்கு. புளியமரமும் வெள்ளைச் சேலையும் தரையில் படாத கால்களும் வேண்டுமென்று வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இதில் இருப்பது ஒரு கொம்பியூட்டர். அது பட்டப்பகலில், வெயில் எரிக்கிற நேரத்தில் காட்டிய சில எண்கள். அவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்ட பிறகு ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வெளியிலிருந்து யாராவது உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்... சரி, அது உங்கள் பாடு.

ஊர்காவற்றுறை இறங்குதுறைத் தெருவில் ஒரு பழைய கல்வீட்டின் முன்னறையில் நிவாரண நிலையம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு உதவியில் நடந்தது. தீவுப் பகுதியில் காணாமற்போனவர்களின் பெயர்களைப் பதிந்து வைப்பதுதான் அங்கே வேலை. அந்தக் காலத்தில் காணாமற்போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. கடலுக்குப் போனவர் வரவில்லை. பட்டணத்துக்குப் போனவர் வரவில்லை. கடைக்குப் போனவரும் வரவில்லை. வீட்டார் வந்து பெயரைக் கொடுப்பார்கள். பிறகு மாதம் ஒருமுறையாவது வந்து ஏதும் தகவல் உண்டோ என்று கேட்பார்கள். ஜோசப்பின் அந்தப் பெயரைக் கொம்பியூட்டரில் அடித்துத் தேடிப் பார்த்துச் சொல்லுவாள்.

கொம்பியூட்டர் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அதோடு விநாயகமூர்த்தி என்ற இன்ஜினியரும் வந்து ஒரு கிழமை நின்று அவளுக்குப் பழக்கிவிட்டுப் போனார். கொம்பியூட்டர் என்றால் கடித்துவிடுமோ என்று அவள் தள்ளி இருந்ததைப் பார்த்து அவர் சிரித்தார். "பயப்பிடாதையும். முதல்லை உம்மடை பேரை அடியும். பிறகு உம்மடை வீட்டு ஆக்களின்ரை பேரை அடியும். கை பழகட்டும்" என்றார். அவளும் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். பழகின பெயர்களைப் பிறகு அழிப்போம் என்று அவர் சொன்னதாக ஞாபகம். அழித்தாரோ என்னவோ, முதலாவது பெயர் அழியாமல் நின்றது. அதனால் ஆயிரத்துச் சொச்சம் காணாமற்போனவர்களில் முதலாவது ஆளாக, உயிரோடு கதிரையில் உட்கார்ந்திருக்கிற மேரிஜோசப்பினே இருந்தாள். இதைச் சொல்லி அலுவலகத்தில் எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள்.

சிரிப்பதற்கு அங்கே இருந்த மற்ற ஆள், பக்கத்து ஊரான சரவணையிலிருந்து வருகிற ஐயாத்துரை. கணக்கு, காவல், ஜெனரேட்டர் மூன்றும் அவர் பொறுப்பு. டீசலைத் தன் சொந்த இரத்தம் போலச் செலவழிப்பார். காலை பத்து மணிக்கு ஜெனரேட்டரைப் போடுவார். பன்னிரண்டுக்கு நிறுத்துவார். நிறுத்தியதும் ஒரு தடியை டீசல் டாங்கிக்குள் விட்டு, ஈரம் எதுவரை என்று பார்த்துக் கோடு கீறி வைப்பார். கொம்பியூட்டரைத் தொடவே மாட்டார். அதற்குள் இருந்த மணிக்கூட்டின் பற்றறி வந்த மாதமே செத்துவிட்டது. அதனால் காலையில் போட்டதும் இன்று என்ன திகதி, என்ன நேரம் என்று அது கேட்கும். ஐயாத்துரை தன் கைமணிக்கூட்டைப் பார்த்துச் சொல்ல ஜோசப்பின் அடிப்பாள். எங்களிடம் மணி கேட்கிற சாமானிடம் நாங்கள் ஆளைக் கேட்கிறோமே என்று அவர் நாள்தோறும் அலுத்துக்கொள்வார்.

அது தேடுகிற விதத்தை மட்டும் ஒருமுறை கவனமாகக் கேளுங்கள். ஒரு ஒழுங்கையில் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டிக்கொண்டு போவது போலத்தான் அது தேடும். முதலாவது பெயரில் தொடங்கும். ஆள் முன்னுக்கே இருந்தால் இரண்டு மூன்று செக்கனில் கிடைத்துவிடும். பின்னுக்குப் போகப் போக நேரம் கூடும். பதியப்படாத ஆள் என்றால் கடைசி வீடுவரை தட்டிவிட்டுத்தான் இல்லை என்று சொல்லும். அதற்கு ஐம்பத்திரண்டு செக்கன். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அவ்வளவு நேரமும் உள்ளே கிர்... கிர்... கிர்... என்று ஏதோ அரைபடும். எதிர்க் கதிரையில் இருக்கிற தாய்மார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை பேருக்காகத் தேடிய ஜோசப்பின் தன் புருஷனுக்காக ஒரு நாளும் தேடியதில்லை. சில்வெஸ்ரர் மூன்று வருடத்துக்கு முன், ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனவர். ஆறு பத்துக்குத் தள்ளினார். எப்போதும் அதே நேரம்தான். அயலார் அவரைப் பார்த்து மணிக்கூட்டைச் சரிப்படுத்துவார்கள். அன்றிரவு கடலில் வெடிச்சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். கேட்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். வள்ளமும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகையும் வரவில்லை.

வீட்டில் அவளோடு இருந்தவர்கள் இரண்டு பேர். மாமியார் செபஸ்தியம்மா, ஐந்து வயது மகள் ஞானசவுந்தரி. செபஸ்தியம்மாவின் மகன் சாகவில்லை. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவே கூடாது. எங்கேயோ பிடிபட்டு, எந்தச் சிறையிலோ இருக்கிறான், வருவான். காணாமற்போனவர் என்று பதியவும் அவர் விடவில்லை.

"பதிஞ்சால் நாங்களே அவனை இல்லையெண்டு சொன்ன மாதிரி. நான் பெத்தனான். நான் சொல்லன்."

ஜோசப்பினும் வற்புறுத்தவில்லை. மாமிக்குப் பயந்து என்று ஊர் சொல்லும். உண்மை அதுவல்ல. அவளுக்கும் அவர் வேண்டும். அவருடைய பெயருக்குக் கீழே காணாமற்போனவர் என்ற சொல்லைத் திரையில் பார்க்க அவளால் ஏலாது.

நவம்பர் இரண்டாம் திகதி செத்தவர்களின் நாள். சகல ஆத்துமாக்களுக்காகவும் கோயிலில் பூசை நடக்கும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர்களை எழுதிச் சுவாமியாரிடம் கொடுப்பார்கள். அவர் பீடத்தில் நின்று வாசிப்பார். பின்னேரம் சேமக்காலையில் கல்லறைக்குக் கல்லறை மெழுகுதிரி எரியும். செபஸ்தியம்மா தன் புருஷனின் பெயரைக் கொடுப்பார். தாய் தகப்பன் பெயரைக் கொடுப்பார். நாதியில்லாமல் செத்த பக்கத்து வீட்டுக் கிழவனின் பெயரைக்கூடக் கொடுப்பார். மகன் பெயரைக் கொடுப்பதில்லை. மூன்று வருடமாக, இருக்கிறவர்களோடும் சேராமல், செத்தவர்களோடும் சேராமல், எங்கேயும் அழைக்கப்படாத பெயராகச் சில்வெஸ்ரரின் பெயர் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொழுதுபட்ட பிறகு வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பீட்டுக்கு ஓம் என்று பதில் சொல்லக்கூடாது. செபஸ்தியம்மா வீட்டில் இது சட்டம். மனிசர் என்றால் இரண்டாம் தரமும் கூப்பிடுவார்கள். மற்றது ஒருதரம்தான் கூப்பிடும். ஞானசவுந்தரிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

ஒக்டோபர் கடைசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. விநாயகமூர்த்தி எழுதியிருந்தார். கொம்பியூட்டர் தேடுவதற்கு அதிக நேரம் எடுக்கிறது என்று ஜோசப்பின் முன்பு முறையிட்டு எழுதியிருந்தாள், அதற்குப் பதில். ஒவ்வொரு தேடலும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பது உள்ளே தன்பாட்டில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, லோட்டஸ் புரோகிராமில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒரு வரைபும் கீறி, பிளொப்பியில் அனுப்பவும். உண்மையாகவே மெதுவென்றால் புது மெஷின் தரலாம்.

அப்படியொரு பதிவு உள்ளே விழுந்துகொண்டிருப்பதே ஜோசப்பினுக்கு அன்றுதான் தெரியும்.

அது லேசான வேலையாக இருக்கவில்லை. பதிவை எடுத்து லோட்டஸுக்குள் விட்டால் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் புளிமூட்டை போல அடைந்துகொண்டு வந்தது. பெயரை ஒரு கட்டம், நாளை ஒரு கட்டம், மணியை, செக்கனை, உண்டு இல்லையை என்று பிரித்து வைக்க இரண்டு நாளின் டீசல் போயிற்று. ஐயாத்துரையின் முகம் கறுத்துவிட்டது. முப்பதாம் திகதி, திங்கட்கிழமை, எல்லாம் பிரிந்து வந்தன. செக்கன் கூடியதிலிருந்து குறைந்ததுவரை ஒழுங்குபண்ணச் சொல்லி அடித்தாள். திரை ஒருமுறை சிமிட்டியது. வந்தது.

மேலே ஐம்பத்திரண்டுகள் எல்லாம் ஒன்றாக நின்றன. எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. அதற்குக் கீழே குறைந்த செக்கன்கள். எல்லாம் உண்டு, உண்டு, உண்டு. அப்படித்தானே இருக்க வேண்டும். அவள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தாள்.

நாற்பத்தெட்டு செக்கன். இல்லை.

அவள் நிறுத்தினாள்.

இல்லாத ஆளுக்கு நாற்பத்தெட்டு செக்கன் எடுக்காது. கடைசி வீடுவரை போயிருக்க வேண்டும். பெயரைப் பார்த்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை சில்வெஸ்ரர்.

தகப்பன் பெயரோடு. ஞானஸ்நானப் புத்தகத்தில் இருப்பது போல.

கீழே போனாள். நாற்பத்துநான்கு. இல்லை. அதே பெயர். நாற்பது. இல்லை. அதே பெயர். மேலே ஐம்பத்திரண்டுகளுக்குள் போய்த் தேடினாள். அங்கேயும் ஒன்று இருந்தது. எல்லாம் பதின்மூன்று. கடைசியில் நிற்பது நான்கு செக்கன்.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. அதைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் வந்தது சந்தோஷம். அவரை யாரோ தேடுகிறார்கள். தேடுகிற ஆளுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவர் இருக்கிறார். கதிரையில் இருந்தபடியே அழுதாள்.

ஐயாத்துரையைக் கூப்பிட்டாள். தான் இல்லாத நேரம் யார் வந்து இதைத் தொட்டது என்று கேட்டாள். அவர் திரையைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"எந்த நாளிலை?"

அவள் நாட்களைப் பார்த்தாள். ஓகஸ்ட் மூன்று. ஓகஸ்ட் பத்து. பதினேழு... கடைசியாக ஒக்டோபர் இருபத்தாறு. சுவரில் தொங்கிய கலண்டரில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் வியாழக்கிழமை.

"எத்தினை மணிக்குப் பிள்ளை?"

எல்லாம் மாலை ஆறு பத்து.

ஐயாத்துரை போய் அந்தத் தடியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நாளும் கீறிய கோடுகள் அதில் இருந்தன.

"நாலு மணிக்கு நான் பூட்டிப்போட்டுத் திறப்பைக் கொண்டு சரவணைக்குப் போறன். பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு டீசல் குறைஞ்சாலும் எனக்குத் தெரியும். குறையேல்லை."

கரண்ட் இல்லாத கொம்பியூட்டர். நாங்கள் சொல்லாவிட்டால் மணியே தெரியாத கொம்பியூட்டர்.

அவர் தடியை மெதுவாகச் சுவரோடு சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

கொழும்பு கேட்டபடி வரைபு கீற வேண்டும். அவள் அந்தப் பதின்மூன்றை மட்டும் தனியே எடுத்துக் கீறினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் இறங்கியது. வளைவு இல்லை, நெளிவு இல்லை. அடிமட்டம் வைத்துக் கீறியது போல. வாரத்துக்கு நான்கு செக்கன் குறைந்துகொண்டு...

அடுத்த வியாழக்கிழமை சுழியம்.

அடுத்த வியாழக்கிழமை நவம்பர் இரண்டு. செத்தவர்களின் நாள்.

சுழியம் என்றால் என்ன? கடைசி வீடு ஐம்பத்திரண்டு. முன்னுக்கு வர வர செக்கன் குறையும். சுழியம் என்றால் முதல் வீடு. முதல் வீட்டில் யார்?

அவள்தான். மேரிஜோசப்பின்.

யாரோ அவரைத் தேடவில்லை. அவர்தான் தேடிக்கொண்டு வருகிறார். கடைசி வீட்டில் தொடங்கி, வாரம் வாரம், காணாமற்போனவர்களின் கதவுகளைத் தட்டிக்கொண்டு...

செவ்வாய்க்கிழமை அவள் கொம்பியூட்டரைத் தொடவில்லை. ஒருத்தருக்கும் தேடிக் கொடுக்கவும் இல்லை. பன்னிரண்டு அடிக்க ஐயாத்துரை ஜெனரேட்டரை நிறுத்தினார். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. திரை கறுத்தது. வெளியே நல்ல வெயில். தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

கிர்...

அவள் அசையவில்லை.

கிர்... கிர்... கிர்...

நின்றது. நான்கு.

அவள் செருப்பையும் மறந்துவிட்டு வெளியே ஓடினாள்.

அன்றிரவு மகளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று வருடமாக அவர் வருவார், ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன் என்று இருந்தவள்தான். இப்போது வருகிறார். வேண்டாம் என்று இருந்தது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நான் போனால் இந்தப் பிள்ளைக்கு யார்? மாமியிடம் சொல்லவில்லை. சில்வெஸ்ரரின் பெயரை மட்டும் இந்த முறை சுவாமியாரிடம் கொடுப்போமா என்று கேட்டுப் பார்த்தாள். செபஸ்தியம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை, சகல அர்ச்சிட்டவர்களின் திருநாள். பூசை முடிந்த கையோடு அலுவலகத்துக்குப் போனாள். ஐயாத்துரை ஜெனரேட்டரைப் போட்டார். அவள் முதலாவது பெயருக்குப் போனாள். மேரிஜோசப்பின். அழிக்கவா என்று கேட்டது. ஓம் என்று அடித்தாள். மெஷின் வெகுநேரம் அரைத்து எல்லாவற்றையும் மறுபடி ஒழுங்குபண்ணியது. பிறகு தன் பெயரை அடித்துத் தேடினாள். ஐம்பத்திரண்டு செக்கன். எண்ணிக்கொண்டே இருந்தாள்.

இல்லை.

அந்தச் சொல்லைக் கண்டு அந்த அறையில் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். பிளொப்பியைக் கடித உறைக்குள் போட்டு ஒட்டி, கொழும்புக்கு அனுப்பச் சொல்லி ஐயாத்துரையிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம். சேமக்காலை முழுக்கச் சனம். கல்லறைகளில் மெழுகுதிரிகள். கடற்காற்று அணைக்க அணைக்கப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கொளுத்தினார்கள். செபஸ்தியம்மா தன் புருஷனின் கல்லறைக்கு முன் முழந்தாளில் நின்றார். ஜோசப்பின் மகளின் கையை விடவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் மணி கேட்டாள்.

ஆறு எட்டு.

செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வாய் சொன்னது. காது வேறெங்கோ இருந்தது.

மறுபடி கேட்டாள். ஆறு பத்து.

ஒன்றும் இல்லை. மெழுகுதிரி எரிந்தது. அலைச்சத்தம். செபம்.

ஆறு பதினொன்று. அவள் மூச்சு விட்டாள்.

"ஓம் மோனை. வாறன்."

செபஸ்தியம்மா.

முழந்தாளில் நின்றவர் எழும்பிக்கொண்டிருந்தார். முகம் கடல் பக்கம் திரும்பியிருந்தது.

"ஆர் மாமி கூப்பிட்டது?"

செபஸ்தியம்மா அவளைப் பார்த்தார். காது கேளாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உனக்குக் கேக்கேல்லையே?"

கையிலிருந்த மெழுகுதிரியைப் பேத்தியிடம் கொடுத்தார். சனத்துக்குள் நடந்தார். பிள்ளையின் கையில் உருகிய மெழுகு விழுந்து அது வீரிட்டு அழுதது. ஜோசப்பின் குனிந்து அந்த மெழுகை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

வாசற்படலையில் யாரும் இல்லை.

தெருவிலும் இல்லை.

இறங்குதுறையில்தான் கண்டார்கள். சில்வெஸ்ரர் வள்ளம் கட்டுகிற கட்டையில் சாய்ந்துகொண்டு செபஸ்தியம்மா இருந்தார். உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது, வயசுதானே என்று டொக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் சேலை காய்ந்துதான் இருந்தது. காலும் நனையவில்லை. தலைமயிர் மட்டும் தோய்ந்து, நுனியிலிருந்து கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஈரக்கையால் தலையைத் தடவிவிட்டதுபோல.

எட்டாம் நாள் பூசை முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமை, ஜோசப்பின் வேலைக்குத் திரும்பினாள். மனது கேட்கவில்லை. அந்தப் பதிவைத் திறந்தாள். சில்வெஸ்ரரின் பெயரில் இரண்டு வரிகள் கூடியிருந்தன.

நவம்பர் இரண்டு. மாலை ஆறு பத்து. பஸ்ரியாம்பிள்ளை சில்வெஸ்ரர். சுழியம் செக்கன். உண்டு.

உண்டா? அவர் பெயர் பதியவே இல்லையே. முதலாவது பெயரில் யார்... அவள் தன் பெயரை அழித்துவிட்டாளே. முதலாவது இடம் வெறுமையாகத்தானே இருக்க வேண்டும்.

அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலும். கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஐயாத்துரை தலை நிமிராமலே சொன்னார்.

"வெறுமையா எப்பிடிப் பிள்ளை இருக்கும்? சங்கக்கடை வரிசையிலை முன்னுக்கு நிண்ட ஆள் விலகினால், பின்னுக்கு நிண்ட ஆள் முன்னுக்கு வருந்தானே."

அவள் முதலாவது பெயரைத் திறந்து பார்த்தாள்.

செபஸ்தியம்மா.

விநாயகமூர்த்தி மற்றப் பெயர்களையும் அழிக்கவில்லை. உம்மடை வீட்டு ஆக்களின்ரை பேரை அடியும் என்று சொன்னார். ஒற்றை விரலால் அடித்தாள். முதலில் தன் பெயர். பிறகு மாமி பெயர். பிறகு...

இரண்டாவது பெயரைப் பார்க்க அவளுக்குத் தேவையிருக்கவில்லை. பார்த்தாள்.

ஞானசவுந்தரி.

தான் விலகி மாமியை முன்னுக்கு விட்டாள். இனி மாமி விலகினால்...

பதிவில் கூடியிருந்த மற்ற வரியை அப்போதுதான் வாசித்தாள். நவம்பர் ஒன்பது. நேற்று. ஆறு பத்து. அதே பெயர். ஐம்பத்திரண்டு செக்கன். இல்லை.

மறுபடியும் கடைசி வீட்டிலிருந்து.

செத்த ஆளின் பெயர் ஏன் முதலில் நிற்கிறது, அழித்துவிடும் என்று ஐயாத்துரை ஒரு நாள் சொன்னார். அழிக்கக்கூடாது என்று அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சில்வெஸ்ரரின் பெயரை எழுதிச் சுவாமியாரிடம் கொடுத்தாள். ஒவ்வொரு மாதமும் கொடுத்தாள். வியாழக்கிழமை வரிகள் நிற்கவில்லை. பெப்ரவரியில் மறுபடி சுழியம் வந்தது. முதல் வீட்டில் செபஸ்தியம்மா நின்றார். அன்று ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெயர் அங்கே நிற்கும்வரை பயமில்லை என்று ஜோசப்பின் தன் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த வருடம் ஓகஸ்டில் சண்டை மூண்டு ஊரே எழும்பி ஓடியது. கொம்பியூட்டரை யார் தூக்கிக்கொண்டு போவது? அறையைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கொண்டு வந்தார் ஐயாத்துரை. பிறகு கொம்பியூட்டர் யார் கைக்குப் போனதோ, எந்த அலுவலகத்தில் என்ன வேலைக்கு இருக்கிறதோ தெரியாது. பழைய பெயர்களை யாரும் அழிக்காமல் இருக்க வேண்டுமென்று அவள் மெழுகுதிரி கொளுத்தாத கோயிலில்லை.

பட்டணத்தில், குருநகரில் ஒரு வாடகை அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆறு மணிக்கு முன் ஜோசப்பின் வீட்டுக்கு வந்துவிடுவாள். படலையில் நின்று மகளைக் கூப்பிடுவாள். ஒருதரம் அல்ல. இரண்டு தரம். இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் உள்ளேயிருந்து ஓம் அம்மா என்று பதில் வரும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பங்குனியில் ஒரு வியாழக்கிழமை பஸ் பிந்திவிட்டது. அவள் ஓடி வந்தாள். ஆறே கால். அறை இருட்டாக இருந்தது. ஞானசவுந்தரி கட்டிலில், இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. தாயைக் கண்டதும்தான் கையை எடுத்தாள்.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை அம்மா. நீங்கள் ஒருக்காத்தானே கூப்பிட்டனீங்கள்?"

ஜோசப்பின் அன்று இன்னும் கூப்பிடவே இல்லை.